அல்சூர் மூட்டுவாத கிளினிக்கில் பதினான்கு மாதங்கள்

என் அக்காவுக்கு 51 வயது. பெங்களூர் மர்ஃபி டவுனில் வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு முப்பது ஆண்டுகளாக ரவிக்கை தைத்துக் கொடுத்து வருகிறார். ஒரு நாள் காலையில் துணி வெட்டும் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் அவருடைய கட்டைவிரல் நுழையவில்லை. பதினோரு மணி வாக்கில் அதே விரல் நுழைந்துவிட்டது. அதன் பிறகு பல மாதங்கள், காலையில் செய்ய வேண்டிய வெட்டு வேலையை மதியத்துக்குத் தள்ளிவைத்துச் சமாளித்தாரே தவிர, அதை ஒரு நோயின் அடையாளமாக அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அல்சூர் ஏரிக்கு அருகே மாடியில் இயங்கும் இந்தச் சிறிய ருமட்டாலஜி கிளினிக்கில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே அதைப் பற்றியதுதான்: காலையில் எழுந்த பிறகு கை பிடிப்பு விட எவ்வளவு நேரம் ஆகிறது? தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் இந்தப் பிடிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். உழைக்க உழைக்க வலி கூடும். முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் (ஆர்.ஏ.) பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். கை அசைய அசைய இளகும். அக்கா மூன்று மணி நேரம் என்றார்.

இங்கே வருவதற்கு முன் நாங்கள் இழந்த எட்டு மாதங்களையும் சொல்ல வேண்டும். வேறொரு இடத்தில் எலும்பு மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று கூறி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். முடக்குவாதத்தின் தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகவே தெரியக்கூடும் என்பதும், அதில் எலும்பு அரிப்பு தெரிகிற நிலை வந்துவிட்டால் அந்தச் சேதத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாது என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. மாதவிடாய் நிற்கும் வயதில் இப்படித்தான் இருக்கும் என்று உறவினர்கள் சொன்னார்கள். 2006இல் கர்நாடகத்தில் சிக்குன்குனியா பரவியபோது அக்காவுக்கும் வந்திருந்ததால், அதன் மிச்சம் என்று நானே சொன்னேன். பிறகு யாரோ சொன்னார்கள் என்று, மேலே எந்த விவரமும் அச்சிடாத டப்பாவில் ஒரு பொடி வாங்கி வந்தோம். நான்கே நாட்களில் வீக்கம் வடிந்தது. வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. ஆறு வாரத்தில் அக்காவின் முகம் உருண்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை 190 ஆனது.

கிளினிக்கில் அந்த டப்பாவைப் பார்த்ததும் மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்ற சந்தேகத்தைச் சொல்லி, அதை ஒரேயடியாக நிறுத்தினால் ஏன் ஆபத்து என்றும் விளக்கினார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்றும், திடீரென நிறுத்தினால் உடல் தாங்காமல் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் கூறி, அளவு தெரிந்த ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி, மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் நடமாடினார். அந்தப் பணிக்கு 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நீண்ட நாள் கூடுதல் அளவில் எடுத்தால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், தொற்று எளிதில் பிடிக்கும். அளவும் காலமும் தெரியாமல் அதை ஒருவருக்குக் கொடுப்பதுதான் குற்றம்.

முதல் நாள் பரிசோதனை நாற்பது நிமிடம் நடந்தது. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கால் என்று மொத்தம் 28 மூட்டுகளை, தன் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு ஒரே சீராக அழுத்தி, எங்கே வலி, எங்கே வீக்கம் என்று மருத்துவர் தனித்தனியாக எண்ணினார். பக்கத்தில் இருந்த நர்ஸ் ஒரு கைப்படத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். இந்த எண்ணிக்கையையும் ரத்தப் பரிசோதனையையும், நோயாளி தன் நிலைக்குத் தானே கொடுக்கும் மதிப்பெண்ணையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். 5.1க்கு மேல் போனால் நோய் தீவிரம், 2.6க்குக் கீழே வந்தால் அடங்கிய நிலை. அக்காவுக்கு 5.9 வந்தது. ஒவ்வொரு வருகையிலும் இந்த எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிக் காட்டுகிறார்கள். ‘இப்போ பரவாயில்லையாம்மா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு மாத்திரையைத் தொடரச் சொல்லும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு, நோயை அளந்து பார்த்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் புதிதாக இருந்தது. என் மதிப்பீட்டில் இந்த கிளினிக்கின் ஆகப் பெரிய சிறப்பு அதுதான்.

ரத்தப் பரிசோதனை முடிவில் ‘ஆர்.ஏ. பாசிட்டிவ்’ என்று வந்தால் நம் வீடுகளில் அழுகையே தொடங்கிவிடும். மருத்துவர் அந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. அந்த வரி குறிக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் வயதானவர்களில் எந்த நோயும் இல்லாமலும், ஹெபடைட்டிஸ் சி போன்ற வேறு தொற்றுகளிலும் பாசிட்டிவாக வரலாம் என்றும், ஆன்ட்டி சி.சி.பி. என்ற இன்னொரு பரிசோதனை இந்த நோயை அதைவிடத் தெளிவாகச் சுட்டும் என்றும் விளக்கி, இரண்டையும் மூட்டு எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்த பிறகே நோயின் பெயரைச் சொன்னார்.

“நான் என்ன தப்பு பண்ணினேன் டாக்டர்?” என்று அக்கா கேட்டார். தையல் மெஷினை மிதித்ததாலா, குளிர்ந்த தண்ணீரில் துணி துவைத்ததாலா, உருளைக்கிழங்கு வாயுவாலா என்று அடுக்கிக்கொண்டே போனார். எதுவும் காரணமில்லை என்று மருத்துவர் சொன்ன விதத்தை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவல், மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது. அதில் சவ்வு தடித்து, பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. பிறப்போடு வரும் மரபணு வாகு ஒரு பங்கு. புகைபிடித்தல் உறுதியாகத் தெரிந்த காரணிகளில் ஒன்று. ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு காணப்படுவதால் அக்காவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பல் மருத்துவரிடமும் அனுப்பினார். பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை என்பதால், மரபணுவே எல்லாமும் இல்லை. கூடப்பிறந்தவள் என்பதால் எனக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான்; ஆனால் அறிகுறி இல்லாமல் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டாம், விரல் கணுக்கள் வீங்கிக் காலைப் பிடிப்பு சில வாரங்கள் நீடித்தால் தாமதிக்காமல் வாருங்கள் என்று என்னிடம் சொன்னார். சோதனைக் கட்டணம் தானாக வந்து சேரக்கூடிய இடத்தில் வேண்டாம் என்று சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. அக்காவுக்குக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மாத்திரை. தினமும் எடுத்தால் ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிரே போகலாம். இதைச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே இங்கே ஒரு நர்ஸ் இருக்கிறார். தங்கவயலில் பிறந்த தமிழர். அக்காவைத் தனியே உட்கார வைத்து, “வாரத்துல எந்தக் கிழமையை நீங்க மறக்கவே மாட்டீங்கம்மா?” என்று கேட்டார். திங்கள்கிழமை சோமேசுவரர் கோயிலுக்குப் போவேன் என்றார் அக்கா. “அப்போ இது உங்க திங்கட்கிழமை மாத்திரை” என்று சொல்லி, அட்டையின் பின்புறம் பேனாவால் ‘திங்கள்’ என்றும், பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே கொடுத்த ஃபோலிக் அமில அட்டையில் ‘வெள்ளி’ என்றும் தமிழில் எழுதி, அக்காவையே மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் தெருவுக்கு அருகில் உள்ள ஒரு மருந்துக் கடையில் அதே மாத்திரையை வாங்கினோம். கவரின் மேல் ‘இரவு 1, தினமும்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இது திங்கட்கிழமை மாத்திரையாச்சே” என்றார். அந்த ஒரு வாக்கியம் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் உடல் நடுங்குகிறது. இந்த மாத்திரை சாப்பிடும் யாராக இருந்தாலும் கிழமையை அட்டையின் மேலேயே எழுதி வையுங்கள்.

இந்த மருந்துக்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழுதான் 1940களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. முதலில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட அந்த வகை மருந்திலிருந்து வந்த மெத்தோட்ரெக்ஸேட், 1988இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. புற்றுநோய் மருந்து என்று இணையத்தில் படித்துவிட்டு அக்கா பயந்தபோது, இங்கே கொடுக்கும் அளவு அதில் மிகச் சிறு பங்குதான் என்று மருத்துவர் விளக்கினார். வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், முதல் மாதத்தில் நாங்கள் மனம் விட்டுப்போகவில்லை. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்கிறார்கள். கருத்தரிக்கும் வயதுப் பெண்களிடம் கர்ப்பத்தைப் பற்றிக் கேட்காமல் இந்த மாத்திரையை எழுதுவதில்லை. கருவுக்கு அது பெருங்கேடு. கூடவே கொடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்காகக் கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள்.

மூன்றாம் மாதம் எண் 3.4, ஏழாம் மாதம் 2.5. கத்தரிக்கோல் காலை ஏழு மணிக்கே விரலில் நுழைகிறது. ஹூக் வைத்துத் தைக்கும் நுண்வேலையை மட்டும் இன்னும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுக்கிறார். வலது ஆள்காட்டி விரலின் கணு முழுதாக மடங்குவதில்லை. அது அந்த எட்டு மாதத்தின் கணக்கு.

முடக்குவாதத்துக்கான இன்னொரு மருந்தான டோஃபாசிட்டினிப் மாத்திரை வேகமாகக் கேட்கும், இப்போது விலையும் குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு நான் மருத்துவரிடம் கேட்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் மாரடைப்பு, ரத்த உறைவு ஆபத்தை எடைபோட்டுத்தான் அதைக் கொடுக்க வேண்டும், இவருக்கு இப்போது தேவையில்லை என்றார். காத்திருப்புக் கூடத்தில் பழக்கமான ஓர் இளைஞருக்கு முதுகெலும்பைப் பிடிக்கும் வாதம். அவருக்கு, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அடாலிமுமாப் ஊசி தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று பார்த்து, அதற்கு முதலில் மருந்து கொடுத்த பிறகே ஊசி போட்டார்கள். நம் நாட்டில் இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிற இடத்தை நான் நம்பமாட்டேன்.

இனி குறைகள். மூட்டு நோயாளிகள் வரும் கிளினிக் மாடியில் இருக்கிறது; லிஃப்ட் இல்லை; பத்தொன்பது படிகள். முழங்கால் வீங்கிய ஒரு பெரியவர் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து ஏறியதைப் பார்த்தேன். கழிவறைக் குழாய் திருகித் திறக்கும் வகை. அக்காவால் முதல் மூன்று மாதம் அதைத் திறக்க முடியவில்லை. நெம்பித் தள்ளும் குழாய் வைக்கப் பெரிய செலவாகாது. டோக்கன் போட்டாலும் காத்திருப்பு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. அறிவுரைத் தாள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் அல்சூரில் எத்தனை பேர் என்று நிர்வாகத்துக்குத் தெரியாததல்ல. கட்டணம் 800 ரூபாய். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை தொலைபேசி. காய்ச்சல் வந்தால் மெத்தோட்ரெக்ஸேட்டை எடுக்காமல் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஜூலையில் ஒரு ஞாயிறு இரவு அக்காவுக்கு 102 டிகிரி, மறுநாள் திங்கள். கொடுத்த எண்ணை மூன்று மணி நேரம் அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. நாங்களாகவே மாத்திரையை நிறுத்திவைத்து, அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் ரத்தம் பார்த்தோம். நல்லவேளையாக அணுக்கள் சரியாக இருந்தன. நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து கொடுக்கும் இடத்தில் இரவில் ஒருவர் போனை எடுக்கத்தான் வேண்டும். மருத்துவரிடம் நேரில் சொன்னேன். ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். இதுவரை செய்யவில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன்; குறைத்த அந்த ஒன்று இதற்காக.

நம்மவர்களில் பலர் இந்த நோய்க்கு நேராகக் காட்பாடிக்கு ரயில் ஏறி வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறார்கள். சிறுநீரகமோ நுரையீரலோ தாக்கப்பட்ட சிக்கலான நிலையில் அதுபோன்ற பெரிய மருத்துவமனையே சரி. பெங்களூரிலேயே செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கெனத் தனித் துறை உண்டு. அக்காவைப் போல மூட்டில் தொடங்கியவர்களுக்கு, மாதாமாதம் வந்துபோகும் தூரத்தில் இந்த கிளினிக் போதும். பழைய ரிப்போர்ட்டுகளோடு, சாப்பிட்ட பொடி, லேகியம், மாத்திரை எல்லாவற்றின் டப்பாவையும் மறைக்காமல் கொண்டு போங்கள். படி ஏற முடியாதவர்கள் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் சொன்னால் நர்ஸ் இறங்கி வந்து டோக்கன் போட்டுக் கொடுக்கிறார். உங்கள் முறை வரும்போது மருத்துவரே கீழே வந்து பார்க்கவும் செய்கிறார். இதை எங்கும் எழுதி வைக்கவில்லை, கேட்டால்தான் உண்டு.