கேம்பல் லேன் காளைகள்: மூன்று ஆண்டுகள் ஆடிய என் முதல் பிளட் பவுல் அணி

சிறு உருவங்களை வைத்து ஆடும் பிளட் பவுல் என்ற பலகை விளையாட்டுக்கு என் முதல் அணியைக் கட்டி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டு லீக் பருவங்களும் ஞாயிற்றுக்கிழமை நட்பு ஆட்டங்கள் பலவும் ஆடியாகிவிட்டது. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் உருவங்களின் அழகைத்தான் புகழ்ந்திருப்பேன். இப்போது எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. உருமாற்றம் செய்யக் கத்தியை எடுப்பதற்கு முன்பு, அந்த உருவம் மேசையில் எப்படிப் புழங்கப்போகிறது என்று ஒருமுறை யோசித்துவிடுங்கள்.

ஜெர்விஸ் ஜான்சன் வடிவமைத்து, கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1986இல் முதன்முதலாக வெளியிட்ட பலகை விளையாட்டு இது. வார்ஹாமர் என்ற கற்பனை உலகத்தின் பச்சைத்தோல் ஆர்க்குகளும் குள்ளர்களும் எலி மனிதர்களும் அமெரிக்கக் கால்பந்தைப் போன்ற ஒன்றை அடிதடியோடு ஆடுவார்கள். ஆடுகளம் நீளத்தில் 26 கட்டங்கள், அகலத்தில் 15 கட்டங்கள், பக்கத்துக்கு 11 பேர். ஒவ்வொரு பாதியிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் எட்டு முறை கிடைக்கும். உங்கள் முறையில் உங்கள் ஆள் ஒருவர் விழுந்துவிட்டால், மற்றவர்கள் நகர்ந்தார்களோ இல்லையோ, அந்த முறை அங்கேயே முடிந்துவிடும். விளையாட்டின் உயிரே இந்த விதியில்தான் இருக்கிறது.

நான் தேர்ந்தெடுத்தது ஆர்க் அணி. முதல் அணி வாங்குகிறவர்களுக்கு இன்றும் அதையே சொல்வேன். ஆர்க்கின் கவசம் உடைவதற்கு இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வரவேண்டும். அதாவது ஆறில் ஒரு வாய்ப்பு. விதிகளைக் கற்கும் காலத்தில் நாம் செய்யும் தவறுகளை அந்தக் கவசம் தாங்கிக்கொள்கிறது.

அணியை அமைக்க ஒரு மில்லியன் பொற்காசு தருவார்கள். 2020 பதிப்பின் விலைப்படி நான் போட்ட கணக்கு இது: பாய்ந்து மோதும் நான்கு பிளிட்சர்களுக்கு 320,000, வழிமறிக்கும் பெரிய ஆட்களான நான்கு பிளாக்கர்களுக்கு 360,000, சாதாரண ஆட்களான மூன்று லைன்மேன்களுக்கு 150,000, பகடையை மறுபடி உருட்ட உதவும் இரண்டு ரீரோல்களுக்கு 120,000, மருத்துவருக்கு 50,000. ஒரு காசும் மிஞ்சாமல், ஒரு காசும் குறையாமல் வந்தது. தாளில் அதை எழுதி முடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெட்டியைப் பிரித்த பிறகுதான் வேலை தொடங்கியது. உள்ளே ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு உருவங்கள். மொத்தம் நான்கு பிளிட்சர், நான்கு லைன்மேன், பந்தை எறியும் இரண்டு த்ரோவர், இரண்டு பிளாக்கர். என் கணக்கில் த்ரோவருக்கு இடமில்லை. பிளாக்கரோ நால்வர் வேண்டும். ஆகவே இரண்டு த்ரோவர்களையும் பிளாக்கர்களாக மாற்ற முடிவு செய்தேன். ஒவ்வொரு தோற்றமும் இரண்டிரண்டு முறை வருவதால், யார் எந்த ஆட்டக்காரர் என்று பிரித்துக் காட்டவும் ஒரு வழி தேவைப்பட்டது.

வழி சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் கிடைத்தது. பொங்கலையொட்டி கேம்பல் லேனில் மாடுகளைப் பார்க்கக் குழந்தைகளோடு நின்றிருந்தேன். மாட்டுப் பொங்கலன்று ஊரில் கொம்புக்கு வண்ணம் பூசுவதைப் பற்றி அம்மா பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கொம்பு சிவப்பு, ஒரு கொம்பு நீலம் என்று அவர் சொன்னபோதே அணி என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பிளிட்சர்களுக்குச் சிவப்புக் கொம்பு, பிளாக்கர்களுக்கு நீலக் கொம்பு, லைன்மேன்களுக்குக் கொம்பே கிடையாது. பெயரும் அங்கேயே முடிவாயிற்று.

இது வெறும் அலங்காரம் இல்லை. பிளிட்சருக்கு ‘பிளாக்’ என்ற திறன் பிறவியிலேயே உண்டு. இரண்டு பகடைகளை உருட்டி ஒருவரை மோதும்போது, அந்தத் திறன் இல்லாத ஆள் தானும் விழும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்று. திறன் உள்ளவருக்கு அது முப்பத்தாறில் ஒன்றுதான். முதலில் யாரை மோத விடுவது, யாரைக் கடைசிக்கு வைப்பது என்ற முடிவெல்லாம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. ஆகவே அது நமக்கும் எதிரே இருப்பவருக்கும் ஒரே பார்வையில் தெரிந்தாக வேண்டும். லீக்கில் நான் அடிக்கடி மோதும் அண்ணன் ஒருவர், “தம்பி, சிவப்புக் கொம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் பந்தையே தொடுவேன்” என்றார். இந்த அணிக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் மனத்தில் வைத்திருப்பது அதைத்தான்.

த்ரோவரை மாற்றியதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பந்தை எறியத் தூக்கிய கையைத் தோளோடு மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன். வெட்டிய இரு முகங்களிலும் கைத் துளைப்பானால் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி, கை கீழ்நோக்கி வரும்படி ஒட்டினேன். பந்தை நீக்கிவிட்டு முஷ்டி வைத்தேன். பாதத்துக்கு அடியில் தக்கைத் துண்டு வைத்ததும் ஆள் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயர்ந்தான். அந்தச் சிறு உயரம் போதும். பக்கத்தில் லைன்மேனை நிறுத்தினால் இவன் பெரியவன் என்று உடனே தெரிகிறது. தோள் கவசத்தைக் கிரீன் ஸ்டஃப் என்ற, பிசைந்து வடிவம் கொடுத்தால் இறுகிவிடும் பசையால் தடிப்பாக்கினேன். தக்கை, கம்பி எல்லாம் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஆர்ட் ஃபிரெண்ட் கடையில் வாங்கியவை.

கிரீன் ஸ்டஃப் நம் வெப்பத்தில் விரைவாக இளகி விரலில் ஒட்டுகிறது, விரைவாக இறுகியும்விடுகிறது. நீலமும் மஞ்சளும் ஒட்டியபடி நாடாவாக வருவதை வாங்கினால், இரண்டும் தொடும் நடுக்கோட்டை வெட்டி எறிந்துவிடுங்கள். அங்கே ஏற்கெனவே இறுகிய துணுக்குகள் இருக்கும். பிசையும்போது மணல் போல நெருடும். மீதியை மூடியுள்ள தனி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். என் வீட்டில் அது இட்லி மாவுக்கு மேல்தட்டில் இருக்கிறது. சமைக்கும் பாத்திரம் எதையும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது, பிசைந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை, சரியான நிபந்தனை.

முதல் கொம்புகள் ஐந்து ஆட்டங்கள்கூடத் தாங்கவில்லை. மாட்டுக்கு இருப்பதைப் போலப் பக்கவாட்டில் அகல விரித்து வைத்திருந்தேன். அலமாரியில் பார்க்க மிக அழகாக இருந்தது. ஆனால் ஆடுகளக் கட்டம் 34 மில்லிமீட்டர், உருவத்தின் வட்ட அடி 32 மில்லிமீட்டர். அடுத்தடுத்த கட்டங்களில் இருவர் நின்றால் நடுவே 2 மில்லிமீட்டர்தான் இடைவெளி. இந்த விளையாட்டோ ஆட்களை ஒட்டி ஒட்டி நிறுத்தும் விளையாட்டு. ஒருவன் கொம்பு இன்னொருவன் முகத்தில் இடித்தது.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆட்டக்காரர்கள் படுப்பது. கீழே விழுந்தவனை மல்லாக்கவும் மயங்கியவனைக் குப்புறவும் கிடத்த வேண்டும். ஒரே ஆட்டத்தில் பல தடவை கிடத்தி எழுப்புவோம். கூர்மையாக வெளியே நீட்டியிருக்கும் எதுவும் அதில் தப்பாது. இரண்டாம் முறை தலைக்கவசத்தில் துளையிட்டு, ‘ப’ வடிவில் வளைத்த கம்பியைச் செருகி, அதன்மேல் பசையைச் சுற்றிக் கொம்புகளை மேல்நோக்கி எழுப்பினேன். இரண்டரை ஆண்டுகளாகின்றன, ஒன்றுகூட உடையவில்லை. கம்பியில்லாமல் வெறும் பசையால் நீட்டல் எதையும் செய்யாதீர்கள்.

வண்ணம் பூசியதில் சொல்ல அதிகமில்லை. பச்சைத் தோல், மஞ்சள் சட்டை, பழுப்புத் தோல்வார். வார்னிஷில்தான் அடிபட்டேன். டிசம்பர் மழைக்கால விடியலில், அக்கம்பக்கத்தார் எழுவதற்குள் முடித்துவிடலாம் என்று எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே போய் ஸ்பிரே அடித்தேன். பத்து நிமிடத்தில் பதினொரு பேரின் மேலும் திருநீறு பூசியதைப் போல வெண்படலம் படிந்துவிட்டது. சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். ஸ்பிரே அடிப்பதென்றால் அந்தப் பிற்பகல்தான் நேரம். பளபளப்பான வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசியதும் படலம் பெரும்பாலும் மறைந்தது. அதன்பின் பிரைமரும் வார்னிஷும் எனக்குத் தூரிகையில்தான். நேரம் பிடிக்கும்; ஆனால் எந்த வானிலையிலும் வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

புதிதாகத் திறன் கற்றவர்களைக் காட்ட, அடித்தளத்தைச் சுற்றிச் சின்ன ரப்பர் வளையங்கள் மாட்டிப் பார்த்தேன். ஓராண்டுக்குள் அவை பிசுபிசுத்து வண்ணத்தோடு ஒட்டிக்கொண்டன. இப்போது எல்லாம் கொம்பிலேயே தெரிகிறது. நீலக் கொம்பன் ‘பிளாக்’ கற்றால் நுனிக்குச் சிவப்பு வைக்கிறேன். மற்றத் திறன்களை அடித்தள விளிம்பில் புள்ளியாகக் குறிக்கிறேன்.

கொண்டு செல்வதற்குத் தீபாவளி முறுக்கு வந்த டின்னே போதுமானதாக இருக்கிறது. ஒவ்வோர் அடித்தளத்தின் உட்புறத்திலும் இரண்டு சிறு காந்தங்களை ஒட்டியிருக்கிறேன். ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் நெரிசலில் நின்றுகொண்டு போனாலும் யாரும் சாய்வதில்லை. டின் இரும்புத் தகடுதானா என்று மட்டும் காந்தத்தை வைத்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் மிஞ்சிய பன்னிரண்டாம் ஆளை, ஆட்ட வருமானத்தில் 50,000 சேர்ந்ததும் லைன்மேனாகச் சேர்த்துக்கொண்டேன். போன வாரம் ஒன்பதாம் எண் லைன்மேன் பந்தை எதிரணியின் எல்லைக்குக் கொண்டுபோய்த் தன் இரண்டாவது டச்டவுனைப் போட்டான். ஒன்றுக்கு மூன்று அனுபவப் புள்ளி வீதம் ஆறு புள்ளி சேர்ந்துவிட்டது. அதைக் கொடுத்து ‘பிளாக்’ திறனை எடுத்துக்கொண்டேன். கொம்பில்லாமல் களமிறங்கியவர்களில் கொம்பு முளைக்கப்போகும் முதல் ஆள் அவன். தலைக்கவசத்தில் துளை போட்டுக் கம்பியையும் செருகிவிட்டேன். இன்றிரவு பசையைச் சுற்றினால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குள் சிவப்பு காய்ந்துவிடும்.