வாட்டர் சாஃப்ட்னருடன் நாலு வருஷம்: உப்பு குறையலைன்னா சந்தோஷப்படாதீங்க

தம்பி சூலூர் பக்கம் புது வீடு கட்டி முடித்து, அடுத்த மாசம் குடி போகிறான். "உங்க வீட்ல இருக்கிற சாஃப்ட்னர் நல்லா வேலை செய்யுதுங்களா அக்கா? நானும் ஒண்ணு போட்டுறட்டுமா?" என்று போனில் கேட்டான். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோவை சரவணம்பட்டி பக்கம். சிறுவாணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் காணும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாமே போர் தண்ணிதான். அந்தத் தண்ணியில் கரைந்திருந்து வெள்ளையாகப் படிகிற கால்சியம், மக்னீசியத்தை, அதாவது கடினத்தன்மையை, எடுக்கிறதுதான் சாஃப்ட்னர். 25 லிட்டர் ரெசின் (அதைப் பிடித்துவைக்கிற சின்னச் சின்ன மணிகள்) உள்ள ஆட்டோமேட்டிக் மெஷின், ஓவர்ஹெட் டேங்குக்குக் கீழே மாட்டியிருக்கிறோம். மூன்று நாளுக்கு ஒரு முறை ராத்திரி ரெண்டு மணிக்குத் தானாக உப்புத் தண்ணியை உறிஞ்சி, ரெசினைக் கழுவிக்கொள்ளும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு கீசர் எலிமென்ட் மாற்றிக்கொண்டிருந்தோம். கழற்றினால் சுண்ணாம்பு பூசின மாதிரி விரல் கனத்துக்கு அப்பியிருக்கும். சாஃப்ட்னர் வந்தபிறகு ஒரே ஒரு தடவைதான் திறந்தோம், மாவு தூவின மாதிரி மெலிசாகத்தான் இருந்தது. மகளின் தலைமுடி சிக்கு விழுவது நின்றது. சோப்பு பாதிதான் செலவாகிறது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

போன நவம்பர் மாசம், பாத்ரூம் குழாயின் அடியில் வெள்ளை வளையம் ஒன்றைப் பார்த்தேன். துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினால் பொரபொரவென்று உதிர்ந்தது. பழைய எதிரி திரும்பி வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் மெஷினின் டிஸ்ப்ளேயில் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் காட்டியது.

சர்வீஸுக்குக் கூப்பிட்டோம். வந்தவர் சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை (தண்ணியில் கரைந்திருக்கிற உப்பின் மொத்த அளவைக் காட்டுவது) எடுத்து, மெஷினுக்குப் போகிற தண்ணியில் முக்கினார்: 1380. வெளியே வருகிற தண்ணியில் முக்கினார்: 1375. "ரெண்டும் ஒண்ணாத்தானுங்க மேடம் இருக்குது. ரெசின் செத்துப்போச்சு, மாத்தோணும்" என்று சொல்லி 8,500 ரூபாய்க்கு எழுதிக்கொடுத்தார். பார்த்துவிட்டுப் போனதற்கே 600 ரூபாய்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்கிற மெஷினே கிடையாது. ரெசின் மணிகள் தண்ணியில் இருக்கிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகச் சோடியத்தை விடுகின்றன. உப்புத் தண்ணியால் கழுவும்போது, பிடித்ததை விட்டுவிட்டு மறுபடி சோடியத்தை ஏற்றிக்கொள்கின்றன. கரைந்திருக்கிற உப்பின் அளவு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அந்த மீட்டர் தண்ணியில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதைத்தான் அளக்கிறது, எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. அருமையாக வேலை செய்கிற சாஃப்ட்னரிலும் ரெண்டு எண்ணும் ஒன்றாகத்தான் வரும். அதைக் காட்டி ரெசினை மாற்றச் சொன்னால், அவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் உப்புத் தொட்டியைத் திறந்தேன். உப்பின் மட்டத்தைப் பார்க்க வெளியே கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருந்தேன். அஞ்சு வாரமாக உப்பு அந்த டேப்பை விட்டு இறங்கவேயில்லை. வழக்கமாக மாசம் ஒன்றரை மூட்டை தின்கிற மெஷின். உப்புச் செலவு மிச்சம் என்று அந்த அஞ்சு வாரமும் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அதுதான் முதல் அறிகுறி, அதைத் தவற விட்டுவிட்டேன்.

ஒட்டடைக் குச்சியைத் திருப்பி, அடிக்கட்டையால் உப்பின் மேல் குத்தினேன். பாறை மாதிரி நின்றது. ஓரத்தில் பலமாக இன்னொரு குத்து குத்தினதும் 'தொப்'பென்று உடைந்து குச்சி முழங்கை வரைக்கும் உள்ளே போனது. கீழே ஒரு அடி உயரத்துக்கு வெறும் பொந்து. மழைக்கால ஈரத்தில் மேல் உப்பு ஒட்டிக் கட்டியாகி, பாலம் போட்ட மாதிரி நின்றுவிட்டது. கீழே இருந்த தண்ணி உப்பைத் தொடவேயில்லை. மூன்று நாளுக்கு ஒரு தடவை மெஷின் வெறும் தண்ணியை உறிஞ்சி ரெசினைக் கழுவியிருக்கிறது, டிஸ்ப்ளேயில் வேலை முடிந்ததாகவும் காட்டியிருக்கிறது.

கட்டியை உடைத்து, வெந்நீர் ஊற்றிக் கரைத்து, கையால் பட்டனை அழுத்திக் கழுவ விட்டேன். ரெசினில் சோடியம் முழுக்கத் தீர்ந்துவிட்டதால் ஒரு தடவை போதாது. தொட்டியில் உப்பு மறுபடி நன்றாகக் கரைய ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ரெண்டாம் தடவை. அதற்குள் கடினத்தன்மையை அளக்கிற ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட் ஒன்று ஆர்டர் போட்டிருந்தேன். சில நூறு ரூபாய்தான்.

குப்பியில் கோடு வரைக்கும் தண்ணி எடுத்து, முதல் மருந்தை விட்டு, அப்புறம் இண்டிகேட்டர் பொடி ஒரு சிட்டிகை. போர் தண்ணி நாவல்பழச் சாறு மாதிரி சிவந்தது. அடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினேன். 26வது சொட்டில் 'பளிச்'சென்று நீலமானது. எங்கள் கிட்டில் ஒரு சொட்டுக்கு 25 பிபிஎம் (லிட்டருக்கு 25 மில்லிகிராம்), அப்படியென்றால் 650. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு 200 வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் போர் அதையும் தாண்டியது. அடுத்து சாஃப்ட்னர் தண்ணி. பொடியைப் போட்டதும் சிவக்கவே இல்லை, நேராக நீலம். ஒரு சொட்டுகூடத் தேவைப்படவில்லை. செத்துப்போச்சு என்று சொன்ன அதே ரெசின்தான். அந்த நீலத்தைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அன்றிலிருந்து சொட்டு எண்ணுவது பழக்கமாகிவிட்டது. அதில் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம், ரெசினைக் கழுவின மறுநாள் காலையில் எடுக்கிற டெஸ்டுக்கு மதிப்பே இல்லை. அப்போது எந்த மெஷினும் நல்ல தண்ணிதான் கொடுக்கும். அடுத்த கழுவலுக்கு முந்தின சாயங்காலம் எடுக்க வேண்டும். அதுவும் மெஷினின் வெளிக்குழாயிலேயே பிடிக்க வேண்டும், கீசரில் பழைய தண்ணி நிற்கும். ஏப்ரல் மாசம் போர் இறங்கினதும் 26 சொட்டு 34 ஆனது. 25 லிட்டர் ரெசின் ஒரு சுற்றுக்குச் சுமார் 1,250 கிராம் கடினத்தன்மையைத்தான் பிடிக்கும். 850 பிபிஎம் தண்ணி என்றால் 1,470 லிட்டரில் தீர்ந்துவிடும். நாங்கள் நாளுக்கு 600 லிட்டர் செலவழிக்கிறோம். அதனால் மூன்று நாளை ரெண்டு நாளாக மாற்றினேன்.

கிட் இல்லாதவர்கள் மூடி போட்ட பாட்டிலில் பாதித் தண்ணி பிடித்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கலாம். நுரை நின்று அடியில் தண்ணி தெளிவாக இருந்தால் சரி. பால் திரிந்த மாதிரி கலங்கினால் மெஷின் வேலை செய்யவில்லை. ஷாம்பு வேண்டாம், அது கடினமான போர் தண்ணியிலும் நுரைக்கும்.

தொட்டியில் இப்போது பாதிக்கு மேல் உப்பு போடுவதில்லை. வாரம் ஒரு தடவை குச்சியால் குத்துகிறேன். நீண்ட கரன்ட் கட் வந்தால் கடிகாரம் மாறிவிடும், அதையும் பார்க்கிறேன். கழுவின உப்புத் தண்ணி போகிற பைப்பை ஆரம்பத்தில் கருவேப்பிலைக்குப் பக்கத்தில் விட்டிருந்தார்கள். இலை ஓரமெல்லாம் கருகி மரம் பட்டுப்போனது. அது இன்னும் மனசில் இருக்கிறது.

கீசரையும் முடியையும் பார்த்தால் அஞ்சுக்கு நாலு கொடுக்கலாம். ஆனால் நான் ரெண்டுதான் கொடுப்பேன். தான் என்ன தண்ணியைக் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் அஞ்சு வாரம் "எல்லாம் சரி" என்று காட்டிய மெஷின் இது. இதைக் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டேன், அதுவும் உண்மை.

தம்பியிடம், "முதல்ல உன் போர் தண்ணி ஒரு பாட்டில் கொண்டா" என்றேன். விற்க வந்தவர் அவன் வீட்டிலும் டிடிஎஸ் மீட்டரை முக்கி, 900 என்று காட்டி, சாஃப்ட்னர் கட்டாயம் வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை பாட்டிலோடு வந்தான். அவனையே எண்ணச் சொன்னேன். ஒன்பதாவது சொட்டில் நீலமாகிவிட்டது. 225 பிபிஎம்.

"அவ்வளவுதானுங்களா அக்கா?" என்றான். கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க அங்கேயே போனை எடுத்தான்.