கேசட் இல்லாத கேசட் பெட்டி

எங்கள் அலுவலகத்தில் பேக்கப்பைக் காந்த நாடாவில் எழுதும் டேப் பெட்டி (டேப் லைப்ரரி) ஒன்றே ஒன்றுதான். உள்ளே எல்டிஓ என்ற டேப் வகையின் ஆறாம் தலைமுறை (எல்டிஓ-6) டிரைவ் ஒன்று, டேப் வைக்க எட்டு ஸ்லாட். இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் விடியும் வரை அதற்கு ஓய்வு கிடையாது. பழைய பேக்கப் மென்பொருளை விட்டு பேரியோஸுக்கு மாறலாம் என்று முடிவானபோது, எதை வைத்துச் சோதித்துப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னொன்று வாங்கித் தரும்படி கேட்டால் கணக்குப் பிரிவில் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்ததே. அப்படித்தான், டேப் பெட்டியை மென்பொருளிலேயே நடித்துக் காட்டும் எம்எச்விடிஎல் பக்கம் போனேன்.

மார்க் ஹார்வி என்பவர் லினக்ஸுக்காக எழுதி, ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கும் மென்பொருள் இது. லினக்ஸின் உட்கருவில் சேரும் ஒரு கெர்னல் மாட்யூல், அதற்கு மேல் ஒவ்வொரு டிரைவுக்கும் பின்னணியில் ஓடும் ஒரு நிரல் (டீமன்), லைப்ரரிக்கு ஒரு டீமன். சிஸ்டத்தைப் பொறுத்தவரை நிஜமான ஸ்கஸி டேப் லைப்ரரி ஒன்று மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பேக்கப் மென்பொருளுக்கும் வித்தியாசம் தெரியாது. எழுதுவதெல்லாம் ஹார்ட் டிஸ்கில் சாதாரண ஃபோல்டர்களாக உட்கார்ந்திருக்கும், ஒரு டேப்பின் பார்கோடுக்கு ஒரு ஃபோல்டர்.

மூலையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில், 1 டிபி டிஸ்க் போட்டு நிறுவினேன். கம்பைல் செய்வதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. முதல் முறை ஓடியதுமே எல்700, எல்80 என்று ஸ்டோரேஜ்டெக் மாடல்களின் பெயரில் இரண்டு லைப்ரரிகள் முளைத்தன, ஒவ்வொன்றிலும் நான்கு டிரைவ். புதிதாகச் சேர்ந்த பொள்ளாச்சிப் பெண் திரையையும் மேசைக்கு அடியிலும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், கேசட் எல்லாம் எங்கீங்க சார் இருக்கு?" என்றாள். நல்ல கேள்விதான்.

தானாக வந்ததை அழித்துவிட்டு எங்கள் பெட்டியைப் போலவே ஒன்று அமைக்கப் போனபோதுதான் வேலை பிடித்தது. அமைப்பு முழுக்க இரண்டு மூன்று டெக்ஸ்ட் கோப்புகளில் இருக்கிறது. டிரைவ், லைப்ரரி விவரம் எல்லாம் டிவைஸ்.கான்ஃப் கோப்பில். அதில் ஒவ்வொரு பதிவின் முதல் வரியும் ஓரத்தை ஒட்டித் தொடங்க வேண்டும், அடுத்த வரிகள் ஓர் இடமாவது தள்ளி இருக்க வேண்டும், பதிவுக்கும் பதிவுக்கும் நடுவே ஒரு காலி வரி. கோப்பின் தலைப்பிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். நான் படிக்கவில்லை. ஒரு காலி வரியை விட்டதற்கு ஒரு மாலை முழுக்கப் போனது.

எந்த ஸ்லாட்டில் எந்த டேப் என்பது இன்னொரு கோப்பு. பார்கோடின் கடைசி இரண்டு எழுத்து அழகுக்காக இல்லை. எல்6 என்றால் எல்டிஓ-6, எல்8 என்றால் எல்டிஓ-8. மாதிரியில் இருந்த எல்8 பார்கோடுகளை அப்படியே விட்டுவிட்டு எல்டிஓ-6 டிரைவை வைத்தேன். டிரைவ் டேப்பை ஏற்க மறுத்தது. நிஜப் பெட்டியும் இதைத்தானே செய்யும்! அன்றைக்கு இந்த மென்பொருள் மேல் மரியாதை வந்தது.

கொள்ளளவு விஷயத்தில் கவனம் வேண்டும். சும்மா விட்டால் ஒரு டேப் 500 எம்பிதான். எங்கள் முதல் சோதனை பேக்கப் பத்து நிமிடத்தில் எல்லா டேப்பையும் தின்றுவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்டது. அமைப்புக் கோப்பில் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே உருவான டேப் பழைய அளவிலேயேதான் இருக்கும், புதிதாக உருவாக்க வேண்டும். ஆனாலும் நான்கைந்து 500 எம்பி டேப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு பேக்கப் டேப் விட்டு டேப் தாவுவதைச் சோதிக்க அதுதான் வசதி. நிஜ எல்டிஓ-6 டேப் 2.5 டிபி. விநாடிக்கு 160 எம்பி என்ற முழு வேகத்தில் எழுதினாலும் நிரம்ப நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கே ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

மறுபக்கம், 80 ஜிபி வீதம் 24 டேப் என்று தாராளமாக எழுதினேன். பெருக்கிப் பார்த்தால் 1.9 டிபிக்கு மேல் வருகிறது, டிஸ்கோ 1 டிபி. இடத்தை முன்கூட்டியே பிடித்து வைக்காது, எழுத எழுதத்தான் வளரும். அதனால் பாதி வழியில் டிஸ்க் நிரம்பி, எழுதுவதில் பிழை என்று டிரைவ் நின்றது. டேட்டாவுக்குத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்காமல் எல்லாவற்றையும் சிஸ்டம் இருக்கும் ரூட்டிலேயே விட்டிருந்ததால் கம்ப்யூட்டரும் சேர்ந்து படுத்தது. இதில் மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்றுக்கு மேல் டிரைவ் வைத்துப் பார்த்தபோது நான் அதிகம் கற்றது டிரைவ் வரிசையில்தான். லைப்ரரி 'டிரைவ் 0' என்று சொல்வதும் லினக்ஸ் என்எஸ்டி0 என்று பெயர் வைப்பதும் ஒரே டிரைவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டேப்பை எடுத்து வைக்கும் ரோபோ ஒரு டிரைவில் டேப்பைப் போடும், பேரியோஸ் இன்னொரு டிரைவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கதைதான். ரீபூட் செய்தால் வரிசை மாறவும் செய்யலாம். மருந்து, சீரியல் எண்ணை வைத்து லினக்ஸ் தரும், வரிசை மாறினாலும் மாறாத 'பை-ஐடி' பெயரைப் பேரியோஸுக்குக் கொடுப்பது. எம்எச்விடிஎல் தன் டிரைவுகளுக்கு எக்ஸ்ஒய்இசட்இசட்ஒய் என்று தொடங்கும் சீரியல் வைக்கிறது. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் வரும் மந்திரச் சொல் அது, நம்ம ஊர் 'ஓம் ரீம் க்ரீம்' மாதிரி. எங்கள் நிஜப் பெட்டியில் டிரைவ் ஒன்றே என்பதால் இந்தச் சிக்கலை நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது டிரைவ் வந்திருந்தால் நடு ராத்திரியில்தான் பார்த்திருப்பேன்.

சனிக்கிழமை டேப்பை வெளியே எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிற சடங்கையும் பழகலாம். விடிஎல்சிஎம்டி என்ற கட்டளையில் வாசல் ஸ்லாட்டைத் திற, காலி செய், மூடு என்று சொன்னால் போதும்.

எரிச்சல் ஒன்று உண்டு. கெர்னல் அப்டேட் போட்டால் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். நான் மறந்தேன், மறுநாள் லைப்ரரியையே காணோம். கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் போட்டிருந்தால் மாட்யூலுக்கு டிஜிட்டல் கையெழுத்தும் தேவை.

இதையே நிரந்தர பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று பக்கத்து நிறுவன நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். எல்லா டேப்பும் ஒரே டிஸ்கில் இருக்கிறது, டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. நிஜ டேப்பை வெளியே எடுத்து அலமாரியில் பூட்டினால், கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் எந்த ரான்சம்வேரும் தொட முடியாது, இதை அப்படிப் பூட்ட வழியில்லை. வேகத்தையும் நம்ப வேண்டாம். நிஜ டேப் மாட்டிச் சுருட்டித் தேடும் நேரம் இங்கே கண் சிமிட்டலில் முடிகிறது. ரீஸ்டோருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இதில் அளந்து மேலாளரிடம் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஐந்து வாரம் இதில் ஓட்டிவிட்டு நிஜப் பெட்டிக்குப் போனோம். பேரியோஸ் அமைப்பில் மாற்ற வேண்டியிருந்தது இரண்டே சாதனப் பெயர்கள். அன்று இரவு முதல் பேக்கப்பை ஓடவிட்டது நான். காலையில் அதிலிருந்து ஒரு ஃபோல்டரை மீட்டெடுத்தது பொள்ளாச்சிப் பெண், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.