மல்லியின் வயிற்றுக்கு ஒத்துக்கொண்ட சாப்பாடு: ராயல் கனின் காஸ்ட்ரோஇன்டஸ்டினல் பப்பி

அவசரத்தில் தேடுகிறவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, மலப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை, ஆனாலும் எதைக் கொடுத்தாலும் நாய்க்குட்டிக்குக் கழிச்சல் என்றால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இந்தச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்க்கலாம். எங்கள் மல்லிக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. விலை அதிகம். ஆயுள் முழுக்கப் போட வேண்டிய சாப்பாடும் இல்லை. மற்றதெல்லாம் விவரம்.

மல்லி சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி. சாத்தூர்ப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் பிறந்தவள். மதுரைக்குக் கூட்டிவரும்போது மாமா சொன்னது ஒன்றுதான்: "பாலும் கம்பங்கூழும் ஊத்தும்மா, போதும். எங்க நாய்க எல்லாம் அதுலதான் ஓடுதுக." அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்த நாய்கள் வளர்ந்தவை, பொழுது முழுக்கக் காட்டில் திரிகிறவை, தலைமுறை தலைமுறையாக அந்தக் கூழில் பழகியவை. தாயை விட்டுப் புதிதாகப் பிரிந்து, புது வீடு, புதுத் தண்ணீர் என்று மிரண்டு நிற்கும் குட்டியின் வயிறு வேறு. தாய்ப்பாலை மறந்த பிறகு, பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க வைக்கும் நொதி குட்டியின் குடலில் குறைந்துகொண்டே போகும். மாட்டுப்பாலிலோ நாய்ப்பாலைவிட லாக்டோஸ் அதிகம். செரிக்காமல் மிஞ்சுவது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், மலம் நீராகப் போகும். மல்லிக்கு அதுதான் நடந்தது. பாலை நிறுத்தியதும் பாதி குறைந்தது. மீதிப் பாதிதான் எங்களைப் படுத்தியது.

"ஏம்மா, பச்சப்பிள்ளைக்குப் பால் இல்லாம எப்படிம்மா?" என்று அத்தை கலங்கிப்போனார். "கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போம் அத்தை, டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்று சமாதானம் சொல்லி வைத்தேன்.

சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பலர் அதைத் தாண்டிக் குதித்து நேராகக் கடைக்குப் போகிறார்கள். குட்டிகளின் கழிச்சலுக்கு முதல் காரணங்களில் ஒன்று குடற்புழு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருண்டைப் புழு குட்டிக்கு வந்துவிடும். அதனால்தான் சின்ன வயதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். ஜியார்டியா, காக்சிடியா போன்ற ஒட்டுண்ணிகள் சாதாரணப் பூச்சி மருந்துக்கு எல்லாம் அடங்காது, புது மலத்தைக் கொண்டுபோய்ப் பரிசோதிக்க வேண்டும். இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: வாந்தியும் சேர்ந்து வருகிறது, மலத்தில் ரத்தம், குட்டி சுருண்டு படுத்துவிட்டது, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றால் அது பார்வோ என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். அப்போது எந்தச் சாப்பாடு நல்லது என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரம் தாமதித்தாலே குட்டி கையைவிட்டுப் போய்விடும்.

மல்லி துறுதுறுவென்றுதான் இருந்தாள். பரிசோதனையிலும் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா இந்தப் பையை எழுதிக் கொடுத்தார்.

ராயல் கனின் பிரான்சில் 1968-ல் ஒரு கால்நடை மருத்துவர் தொடங்கிய நிறுவனம். இப்போது மார்ஸ் குழுமத்தில் இருக்கிறது. நம் ஊரில் நாய்ச் சாப்பாட்டுக்கே பெயராகிப்போன பெடிக்ரீயும் அதே குழுமம்தான். இந்த வகையில் இருப்பது பெரும்பாலும் கோழி வகைப் புரதம், அரிசி, கொழுப்பு, மீன் எண்ணெய், பீட் கூழ், குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகும் ஒருவகை நார். பீட் கூழைப் பார்த்ததும் "இது வெறும் சக்கை, எடைக்குப் போடுகிறார்கள்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பீட் கிழங்கிலிருந்து சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சும் அந்த நார் பெருங்குடலில் அளவாகப் புளிக்கும், தண்ணீரையும் பிடித்து வைக்கும். கழிச்சல் உள்ள குட்டிக்கு வேண்டியதே அதுதான்.

இந்தச் சாப்பாட்டின் முக்கியமான குணம், கொஞ்சமாகப் போட்டாலே போதும் என்பது. சத்தும் கொழுப்பும் செறிவாக இருக்கும், எளிதில் செரிக்கவும் செய்யும். அதனால் ஒரு வேளைக்கான அளவைக் கிண்ணத்தில் பார்த்தால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அங்கேதான் வீட்டுக்கு வீடு கை நீள்கிறது. கூடுதலாக ஒரு பிடி போட்டால், எவ்வளவு நல்ல சாப்பாடும் மறுபடி கழிச்சலில் கொண்டுபோய் விடும். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை அத்தையே எடுத்துக்கொண்டார். பால் ஊற்ற முடியாத குறையை அதில் தீர்த்துக்கொள்கிறார் போல. ஒரு கிராம் கூடினாலும் எடுத்துவிடுகிறார்.

பையின் பின்னால் இருக்கும் அட்டவணையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதில் கேட்பது குட்டியின் இன்றைய எடை இல்லை, வளர்ந்த பிறகு வரப்போகும் எடை. அதோடு இத்தனை மாதம் என்று வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் ஊர் நாய் இனங்களை வளர்ப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. லாப்ரடார் குட்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம் குட்டிகள் எப்போதும் இளைத்தே தெரியும். கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு வரிவரியாகத் தெரிவது சிப்பிப்பாறையின் உடல்வாகு. அதைப் பட்டினி என்று நினைத்து அள்ளிப் போட்டால் வயிறுதான் கெடும். இடுப்பு எலும்பும் முதுகெலும்பும் துருத்திக்கொண்டு, தொடையில் சதை இல்லாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆரம்பத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் மணிகள் ஊதி, விரலால் அழுத்தினால் நசுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஊறியதும் வாசனை தூக்கலாக வரும். கோழியும் மீனும் கலந்த அந்த வாசனை எனக்குப் பிடிக்கவில்லை, மல்லிக்கோ அது போதும், சமையலறை வாசலில் வந்து நின்றுவிடுவாள். ஊறவைத்ததை மதுரை வெயிலில் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. சாப்பிட்டு மிஞ்சியதைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிவிடுங்கள். ஒரு நாளைக்கான அளவை நான்கு வேளையாகப் பிரித்தோம், சின்ன வயிற்றுக்குச் சின்னச் சின்ன வேளைதான் தாங்கும்.

பலன் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், மலத்தைப் பார்த்துத்தான். அருவருப்பு பார்த்தால் குட்டி வளர்க்க முடியாது. தரையிலிருந்து அள்ளும்போது உருக்குலையாமல் வர வேண்டும், அள்ளிய இடத்தில் ஈரத்தடம் லேசாக இருந்தால் பரவாயில்லை. முதலில் கூழாக இருந்தது, அப்புறம் வடிவம் பிடித்தது, அளவும் குறைந்தது. வயிற்றில் கேட்டுக்கொண்டிருந்த கடமுடா சத்தம் நின்றது. ரோமத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது.

"இத்தனை காசு எதுக்கு, கோழியும் சோறும் அவிச்சுப் போடலாமே?" என்று கேட்பார்கள். கழிச்சல் அடங்கும்வரை டாக்டர் சொன்னபடி சில நாள் கொடுக்கலாம், நல்லதுதான். அதையே மாதக்கணக்கில் வளரும் குட்டிக்குக் கொடுப்பது தப்பு. குட்டியின் சாப்பாட்டில் கால்சியம் குறைந்தது பாஸ்பரஸ் அளவுக்காவது இருக்க வேண்டும். எலும்பில்லாத கோழிக்கறியிலோ பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. சோறு அதை ஈடுகட்டாது. எலும்பு வளைந்த குட்டிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ருசிக்காக வெங்காயம், பூண்டு போட்ட கறிக்குழம்பு ஊற்றுவது அதைவிட மோசம், இரண்டுமே நாய்க்கு விஷம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை விலை. சாதாரணக் குட்டிச் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் கை சுடும். கொஞ்சமாகப் போடுவதால் பை சற்று நீடிக்கிறது, அவ்வளவுதான். அடுத்தது, எறும்பு. கொழுப்பு வாசனைக்கு எங்கிருந்துதான் வருமோ, வரிசை கட்டி வந்துவிடுகிறது. பையைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல், பையோடு மடித்து டப்பாவுக்குள் வைத்து இறுக மூடுங்கள். கெடுதேதியும் கையில் இருக்கும், டப்பாச் சுவரில் எண்ணெய் படிந்து சிக்கு வாடையும் அடிக்காது.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். இதே காஸ்ட்ரோஇன்டஸ்டினல் பெயரில் வளர்ந்த நாய்க்கும் உண்டு, 'லோ ஃபேட்' என்று கொழுப்பு குறைந்ததும் உண்டு. பைகள் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். கொழுப்பு குறைந்தது வளரும் குட்டிக்கு ஆகாது. பையில் 'பப்பி' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

மதுரையில் ஒரு கடையில் எந்தச் சாப்பாட்டையும் மூட்டை பிரித்துக் கிலோ கணக்கில் தருகிறார்கள். "லூசாவே வாங்கிக்கங்கக்கா, அதே சரக்குதான்" என்றார் அந்தத் தம்பி. நான் வாங்கவில்லை. மூட்டை எப்போது பிரித்தது என்று யாருக்கும் தெரியாது. நம் வெக்கையில் திறந்து கிடக்கும் கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும். நல்ல வயிறு உள்ள நாய் அதைத் தாங்கிக்கொள்ளலாம், இளம் வயிறு தாங்காது.

வயிறு நிலைத்த பிறகு டாக்டரம்மா சொல்லி, அதே நிறுவனத்தின் மீடியம் பப்பிக்கு மாறினோம். வளர்ந்த பிறகு 11 முதல் 25 கிலோ வரும் நாய்களின் குட்டிகளுக்கானது அது, சிப்பிப்பாறை அதற்குள் வந்துவிடும். முதலில் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. மலம் கெட்டியாக இருந்தால் பாதிக்குப் பாதி, அப்புறம் முக்கால், பிறகு முழுதும். ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். அந்த நாட்களில் பிஸ்கட், மெல்லும் குச்சி, விருந்தாளி கையால் ஒரு வாய் எதுவும் வேண்டாம். இல்லையென்றால் எதனால் கெட்டது என்றே கண்டுபிடிக்க முடியாது.

வாங்குவதாக இருந்தால் கிடைப்பதிலேயே சிறிய பையை முதலில் வாங்குங்கள். ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு, டாக்டர் இன்னும் எவ்வளவு நாள் என்கிறார் என்று கேட்டு, அடுத்த பையைத் தீர்மானிக்கலாம்.