165 ஹெர்ட்ஸ் மானிட்டர் அருமை, கூட வந்த கேபிள்தான் குறை

27 அங்குலம், 1440பி (2560 x 1440 புள்ளிகள்), விஏ பேனல் (எல்சிடி திரையில் ஒரு வகை). பெட்டியின் முகப்பில் 165 ஹெர்ட்ஸ் (அதாவது விநாடிக்கு 165 முறை காட்சி புதுப்பிக்கப்படும்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், உள்ளே இருப்பதோ ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள். இதிலுள்ள எச்டிஎம்ஐ 2.0 போர்ட் 144 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 165 வேண்டுமானால் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை போர்ட்டில்தான் இணைக்க வேண்டும், அந்தக் கேபிளை நாம்தான் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். இதைப் பெட்டியிலேயே சொல்ல வேண்டாமா? கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

சரி, திரைக்கு வருவோம். அதில் எனக்கு முழுத் திருப்தி. 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு காட்சியும் 16.7 மில்லி விநாடி நிற்கும், 165இல் சுமார் 6தான். விளையாடுகிறவர்களுக்கு மட்டும்தான் இது என்று பலர் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்: நீளமான பக்கத்தை உருட்டும்போதே எழுத்தைப் படிக்க முடிகிறது, மவுஸை வேகமாகச் சுழற்றினாலும் அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவுவதில்லை. கறுப்பு நல்ல அடர்த்தி. ஆனால் கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து நகர்ந்தால் பின்னாலேயே ஒரு கறை இழுபடுகிறது, பல விஏ பேனல்களில் இருக்கும் தொல்லைதான். ஓவர்டிரைவை (புள்ளிகள் நிறம் மாறுவதை வேகப்படுத்தும் மானிட்டர் செட்டிங்) உச்சத்துக்கு ஏற்றினால் கறை குறைகிறது, பதிலுக்கு நகரும் பொருளின் ஓரத்தில் வெளிறிய நிழல் ஒட்டிக்கொள்கிறது. நடு அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிளைச் செருகியதோடு வேலை முடிந்துவிடாது. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய்ப் பாருங்கள், பல நேரம் 60இலேயே நிற்கும், அங்கேதான் மாற்ற வேண்டும். பட்டியலில் 165 இல்லவே இல்லை என்றால் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறோமா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் எந்தக் கேபிள் வாங்குவது? இந்த மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகமே போதும், 8கே என்று விளம்பரப்படுத்தும் கேபிளுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் வெசா (டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் அமைப்பு) சான்றிதழ் பெற்றதாக இருக்கட்டும். தரமில்லாத சில கேபிள்களில் 20ஆவது பின்னையும் (கேபிள் முனையில் உள்ள சிறு உலோகத் தொடுமுனை) இணைத்துவிடுகிறார்கள், மின்சாரம் போகும் பின் அது, மானிட்டரையும் கணினியையும் இணைக்கும் சாதாரணக் கேபிளில் அது இணைந்திருக்கவே கூடாது. இணைந்திருந்தால் மானிட்டரிலிருந்து மின்சாரம் கிராஃபிக்ஸ் கார்டுக்குள் ஏறி, கணினி சரியாகக் கிளம்பாமல் முரண்டு பிடிக்கலாம். 4கே 120 ஹெர்ட்ஸ் மானிட்டரை எச்டிஎம்ஐயில் ஓட்டுகிறவர்கள் பெட்டியில் '2.1' என்ற எண்ணை நம்ப வேண்டாம், 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' லேபிளும் ஸ்கேன் செய்து பார்க்கும் கியூஆர் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள், 48 ஜிகாபிட் வேகத்துக்குச் சோதிக்கப்பட்டவை அவைதான்.

நீளமும் முக்கியம். இரண்டு மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். திரை அவ்வப்போது ஒரு விநாடி கறுத்துத் திரும்ப வந்தால், மானிட்டரை வாரண்டிக்கு அனுப்பும் முன் வேறொரு கேபிளை மாற்றிப் பாருங்கள்.