பூஜைப் பொருள் கடையின் இணையதளத்தை மாற்றி அமைத்த பிறகு: ஒரு பண்டிகைச் சுற்று அனுபவம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பக் கடை மளிகையும் பூஜைப் பொருளும் விற்கிறது. சுற்றிலும் எல்பில், ஹீவூட், டோவன்பி என்று தோட்டங்கள். ரப்பர் மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை வந்துவிட்டது. பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர், ஜொகூர் பாரு என்று வேலைக்குப் போய்விட்டாலும் சாம்பிராணியும் கறித்தூளும் இங்கிருந்து போனால்தான் அவர்களுக்குத் திருப்தி. இணையக் கடையை வைத்திருப்பதே அவர்களுக்காகவும், தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வர முடியாத பெரியவர்களுக்காகவும்தான்.

பழைய தளத்தை எடுத்துவிட்டு இணையதளம் அமைக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளையும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸையும் கொண்டு புதிதாக அமைத்தோம். பொங்கல், தைப்பூசம், தீபாவளி எல்லாம் ஒரு சுற்று வந்து போய்விட்டதால், எது நின்றது, எது பயனில்லாமல் போனது என்று இப்போது சொல்ல முடியும். மொத்தத்தில் எனக்கு நிறைவுதான். ஆனால் நிறமும் படமும் கொடுத்த பலனைவிட, யாரும் கவனிக்காத ஒரு பெயர்க் கட்டம் கொடுத்த பலன் பெரிது.

முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இணையக் கடைப் படிவங்களில் சாதாரணமாக இருக்கும். இரண்டையும் நிரப்பியாக வேண்டும். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அடையாள அட்டையில் பெயர், மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி, பிறகு அப்பா பெயர். பழைய தளத்தில் அந்தச் சாய்வுக்கோட்டைப் போட்டால் படிவம் சிவப்பாகிவிடும். "தம்பி, பேரப் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது, நீங்களே எழுதிக்குங்க" என்று பக்கத்து ஊரான லாசா பக்கத்திலிருந்து ஓர் அக்கா அடிக்கடி கூப்பிடுவார். இப்போது ஒரே கட்டம், 'முழுப் பெயர்'. எந்தக் குறியையும் தடுப்பதில்லை. கூரியர் சீட்டுக்குத் தகவல் போகும்போது மட்டும் சாய்வுக்கோடு தானாக நீங்கிவிடும். அந்த அக்கா இப்போது கூப்பிடுவது சரக்கைப் பற்றிக் கேட்கத்தான்.

முகவரியும் அப்படித்தான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகள் பலவற்றுக்குச் சாலைப் பெயரே கிடையாது. தோட்டத்தின் பெயர், 31100 என்ற அஞ்சல் குறியீடு, அவ்வளவுதான். சாலைப் பெயரைக் கட்டாயம் என்று வைக்காமல், 'பொருளை யாரிடம் கொடுக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தோம். 'ஆபீஸ் கிராணியிடம்' (தோட்ட அலுவலக எழுத்தரிடம்), 'கோயில் பக்கத்துக் கடையில்' என்று எழுதுகிறார்கள். திரும்பி வரும் பொட்டலங்கள் நன்றாகக் குறைந்துவிட்டன.

அடுத்தது தேடல். எங்கள் வாடிக்கையாளர்களில் தமிழில் தட்டுபவர்கள் குறைவு. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள், இல்லாவிட்டால் மலாயில். வெந்தயம் வேண்டுமென்றால் ஹல்பா, சாம்பிராணிக்குக் கெமெஞான். வெறும் ஜிந்தான் என்று தேடினால் சீரகமா சோம்பா என்று தெரியாது, ஆகவே இரண்டையும் காட்ட வேண்டும். சாம்பிராணிக்கு மட்டும் எத்தனை விதமான எழுத்துக்கூட்டல்! தேடலுக்கென்று ஒரு நீட்சியை (தளத்தோடு இணைக்கும் துணை மென்பொருளை) சேர்த்து, ஒவ்வொரு பொருளுக்கும் இந்தப் பெயர்களையெல்லாம் வெளியே தெரியாத ஒரு கட்டத்தில் போட்டு வைத்தோம். ஒன்றும் கிடைக்காமல் போன தேடல்களின் பட்டியலைத் தங்கை அவ்வப்போது பார்த்து, புதிய சொற்களைச் சேர்க்கிறாள். கடை வைத்திருப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

வேகத்துக்கும் நிறைய மெனக்கெட்டோம். முகப்பில் ஓடிக்கொண்டிருந்த பெரிய படங்களை எடுத்துவிட்டு, பொருள் படங்களை அளவு குறைவான வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினோம். தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்கும் வேலையே இப்போது இல்லை. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறதே, அது போதும். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பட்டணத்தில் அது கிடைக்கிறது. தோட்டத்து உள்பக்கத்தில் கைப்பேசி அலைக்கோடு மெலிந்தால் கிடைப்பதில்லை. இருந்தாலும் விலையும் 'வாங்கு' பொத்தானும் படத்துக்கு முன்னால் வந்துவிடுவதால் ஆட்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பக்க முகவரிகளைத் தமிழில் வைக்க எனக்கு ஆசை. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி) இணைய முகவரிக்குள் போகும்போது ஒன்பது இடங்களைப் பிடிக்கிறது. பொருளின் பெயர் வரும் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 இடம். 'பித்தளைக் குத்துவிளக்கு ஐந்து முகம்' என்று எழுதினாலே வால் அறுந்துவிடும். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பகிர்ந்தாலும் விழுக்காட்டுக் குறிகளாக நீண்டு போய், ஏதோ மோசடி இணைப்பு என்று பயப்படுவார்கள். அதனால் பெயர் தமிழில், முகவரி ஆங்கில எழுத்தில்.

அனுப்பும் செலவைப் பொருளின் பக்கத்திலேயே காட்டுவதும் நல்ல முடிவு. கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு என்று பேமார்ட் ஆய்வு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. காரணங்களில் முன்னால் நிற்பது கடைசியில் ஏறும் கூடுதல் செலவு. பித்தளை விளக்கு கனம், அதுவும் சபா, சரவாக்குக்கு என்றால் விளக்கின் விலைக்கே கூரியர் வந்து நிற்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு, விமானத்தில் ஆபத்தான பொருள் என்ற வகையில் வருவது. அதனால் அந்தப் பக்கத்தில் 'தீபகற்பத்துக்கு மட்டும்', அதாவது சபா, சரவாக்குக்கு இல்லை என்று மேலேயே போட்டிருக்கிறோம்.

பணம் கட்ட, வங்கிக் கணக்கிலிருந்து இணையம் வழியே நேரே செலுத்தும் எஃப்பிஎக்ஸ், ஸ்கேன் செய்து செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் இரண்டும் உண்டு. கைப்பேசியிலேயே கடையைப் பார்க்கிறவர் தன் திரையில் இருக்கும் கியூஆரை எப்படி ஸ்கேன் செய்வார்? படத்தைச் சேமித்து வங்கிச் செயலிக்குள் திறக்க வேண்டும். அந்தப் படிகளைத் தமிழில் எழுதி, 'படத்தைச் சேமி' என்ற பொத்தானும் வைத்தோம். பெரியவர்கள் இன்னும் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு எஃப்பிஎக்ஸ்தான் சுலபம்.

தீராத குறை இருப்புக் கணக்கு. கடைக் கல்லாவும் தளமும் இன்னும் இணையவில்லை. தைப்பூச வாரத்தில் மஞ்சள் வேட்டியும் பால்குடமும் கடையில் ஒருபக்கம் போய்க்கொண்டிருக்கும்போது, தளத்தில் இருப்பதாகக் காட்டும். ஆர்டர் வந்தபின் ஆளைக் கூப்பிட்டு இல்லை என்று சொல்வது வேதனையாக இருக்கிறது, நேர்த்திக்கடனுக்கு வாங்குகிற பொருள் அல்லவா. இப்போதைக்குத் தளத்துக்கென்று ஒரு பங்கைத் தனி அலமாரியில் ஒதுக்கி, அதை மட்டும் கணக்கில் காட்டுகிறோம். கல்லாவை இணைக்கும் நீட்சிகள் ஆண்டுச் சந்தாவில் வருகின்றன. அப்பாவும் நானும் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம், அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் ஒன்றைப் போட்டுவிட வேண்டும்.