இரும்புப் பிகினியா, 18/50-ஆ?

ஃபேண்டஸி காமிக்ஸிலும் மேசை விளையாட்டுகளிலும் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பேச்செடுத்தால், விரல் நேராக காமிக்ஸ் வாள்வீராங்கனை ரெட் சோன்யாவின் இரும்புப் பிகினிமேல் போய் நிற்கும். கையில் வாள், சுற்றிலும் எதிரிகள், உடம்பில் ஒரு கைப்பிடி இரும்புச் சில்லுகள். சிரிக்கவும் திட்டவும் வசதியான படம். அந்தப் படம் பிறந்த அதே எழுபதுகளில், பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) விதிப்புத்தகத்தில், பெண் பாத்திரத்தின் பலத்துக்கு வரம்பாக ஒரு சின்ன எண் அச்சானது: 18/50. பார்த்த மாத்திரத்தில் புரியாத எண் என்பதால் அதைக் கேலி செய்தவர்கள் குறைவு. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் நான் எண்ணைத்தான் சொல்வேன்.

முதலில் பிகினி. 1934-இல் ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதிய ஒரு சரித்திரச் சிறுகதையில் வரும் சோன்யா வேறு ஆள். 1529-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது அங்கே நின்று சண்டை போடுகிறவள். தலையில் இரும்புத் தொப்பி, மேலே துருக்கி வலைக்கவசம், தொளதொளக் கால்சட்டை, தொடைவரை தோல் பூட்ஸ், கூடவே துப்பாக்கி. போருக்குப் போகிறவள் உடுத்தும் உடுப்பு. 1973-இல் எழுத்தாளர் ராய் தாமஸும் ஓவியர் பாரி ஸ்மித்தும் அவளை மார்வெலின், கோனன் என்ற வாள்வீரனின் காமிக்ஸுக்குள் கூட்டி வந்தார்கள். ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து மாறியது, கால்சட்டை குட்டையானது, வலைக்கவசம் மட்டும் தப்பியது. அடுத்த ஆண்டே எஸ்டெபன் மரோட்டோ என்ற ஸ்பானிய ஓவியர் வரைந்த படத்தில் அதுவும் போய், காசு கோத்த மாதிரி இரண்டு துண்டுகள் மிஞ்சின. நாற்பது வருஷப் போரில் இந்தப் பெண் துணியைத் தவிர வேறெதையும் தோற்கவில்லை.

ஆனால் சோன்யாவிடம் என்னை உறுத்துவது பிகினி அல்ல, 1975-இல் அவளுக்கு எழுதிய பூர்வகதை. குடும்பத்தைப் பறிகொடுத்து, வன்புணர்வுக்கும் ஆளான பெண்ணுக்கு ஒரு தெய்வம் வாள்வித்தையை வரமாகத் தருகிறது. கூடவே ஒரு நிபந்தனை: நேர்ச்சண்டையில் தன்னை வென்றவனைத் தவிர எந்த ஆணோடும் கூடக் கூடாது. அதாவது அவள் ஒருவனை விரும்பினால், முதலில் அவனிடம் தோற்க வேண்டும். சிவனைக் கண்டதும் மீனாட்சியான தடாதகையின் மூன்றாம் தனம் மறைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாடை பழக்கமானதுதான். உடை ஓவியர் வரைந்தது, வேறொருவர் மாற்றி வரையலாம். அந்த நிபந்தனைச் சபதம் கதைக்குள் போட்ட சட்டம். அவள் வாழ்க்கை அதன்படிதான் நடந்தாக வேண்டும்.

அதனால்தான் எண்ணையும் இங்கே கொண்டு வருகிறேன். 1978-இல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி ஆட்டக்காரர் கையேட்டில், பலம் 18 வாங்கிய போர்வீரர் பாத்திரத்துக்கு இன்னொரு உருட்டல் உண்டு. அதில் 01 முதல் 00 வரை ஏதாவது விழும். 00 என்றால் நூறு. பாத்திரம் மனிதப் பெண்ணாக இருந்தால் 18/50-க்கு மேல் கிடையாது. 18/00 வாங்கியவனின் ஒவ்வொரு வெட்டுக்கும் 6 புள்ளி கூடுதல் சேதம், 18/50-இல் நிறுத்தப்பட்டவளுக்கு 3. ஆஃப்லிங் என்ற குள்ள இனத்தில் ஆணுக்கு உச்சம் 17, பெண்ணுக்கு 14.

கணக்குப் போட்டால் இன்னும் வேடிக்கை. பலம் 18 ஆக, மூன்று பகடையிலும் ஆறு விழ 216-இல் ஒரு வாய்ப்பு. அடுத்த உருட்டலில் 50-ஐத் தாண்டியும் விழ 432-இல் ஒன்று. நேர்மையாக உருட்டுகிற மேசையில் மனிதப் பெண்ணுக்கான இந்த வரம்பு வருஷக்கணக்கில் யாரையும் தொடாமலே போகலாம். பிறகு எதற்கு மெனக்கெட்டு எழுதினார்கள்? ‘யதார்த்தம்’ என்பது வழக்கமான பதில். டிராகன் நெருப்புக் கக்கலாம், செத்தவன் எழுந்து வரலாம். ஒரு பெண்ணுக்கு 51 விழுந்தால் மட்டும் யதார்த்தம் கெட்டுவிடுமாம். பகடைக்கு ஆண் பெண் தெரியாது, அட்டவணைதான் அதற்குச் சொல்லிக் கொடுத்தது.

அந்தக் காலத்து டி அண்ட் டி-யில் இது தனி நிகழ்வும் அல்ல. 1976-இல் டிராகன் இதழில் லென் லகோஃப்கா எழுதிய கட்டுரை, பெண் பாத்திரங்களுக்குக் கரிஸ்மா என்ற ஆளுமைக் கவர்ச்சி மதிப்பெண்ணை எடுத்துவிட்டு ‘அழகு’ என்றொரு மதிப்பெண் கொடுத்தது. 1979-இல் வந்த, ஆட்டத்தை நடத்துபவருக்கான டஞ்சன் மாஸ்டர் கையேட்டில், நகரத்தெருவில் எதிர்ப்படும் வேசி எந்த வகை என்று பகடை போட்டுப் பார்க்கவே ஓர் அட்டவணை இருந்தது.

படம் பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். விதி அப்படி விடாது. ஆடுகிற பெண்ணே பென்சில் எடுத்து, தனக்கு விழுந்த எண்ணை அடித்துவிட்டு, சின்ன எண்ணைத் தன் தாளில் எழுத வேண்டும். ஆனால் கோபம் எப்போதும் படத்தின் மேல்தான். 1981-இல் டி அண்ட் டி-யை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம், தான் வேலைக்கு எடுத்த முதல் பெண் வடிவமைப்பாளரான ஜீன் வெல்ஸ் எழுதிய ஒரு சாகசத்தொகுப்பை அச்சடித்துவிட்டு, உள்ளே இருந்த சில படங்கள் பிடிக்காமல் பிரதிகளை அழித்தது. அவற்றில் ஒன்று கட்டிவைக்கப்பட்ட பெண்ணின் படம். வரைந்தவரும் ஒரு பெண்தான், லாரா ரோஸ்லாஃப். படத்துக்காகப் புத்தகத்தையே குப்பைக்கு அனுப்பிய அதே நிறுவனத்தின் கையேட்டில் 18/50 பாட்டுக்கு இருந்தது. 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதுதான் அது போனது.

பிகினியை மாற்றுவதா, சட்டத்தை மாற்றுவதா என்பதற்கு எனக்குப் பிடித்த பதில் வெண்டி பினி. எழுபதுகளில் காமிக்ஸ் மாநாட்டு மேடைகளில் இதே இரும்புப் பிகினியைப் போட்டுக்கொண்டு சோன்யாவாக நடித்தவர். மந்திரவாதி வேஷத்தில் கூட நின்றவர் சோன்யாவை வரைந்த ஃபிராங்க் தோர்ன். 1978-இல் வெண்டி தன் கணவர் ரிச்சர்டோடு சேர்ந்து எல்ஃப்குவெஸ்ட் தொடரைத் தொடங்கினார். அங்கேயும் துணி குறைவுதான், ஆனால் ஆண்களுக்கும் அதே பஞ்சம். முக்கியமான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. லீட்டா என்ற வைத்தியப் பெண்ணுக்காக இரண்டு ஆண்கள் போட்டியிடுகிறார்கள், கட்டர் ஜெயிக்கிறான். சோன்யாவின் சட்டப்படி கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். லீட்டா ஜெயித்தவனையும் காக்க வைக்கிறாள். அவளாக மனம் வந்த பிறகுதான் சம்மதிக்கிறாள்.

2013-இல் டைனமைட் வெளியீட்டில் சோன்யாவை எழுத வந்த கெயில் சிமோன் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். பிகினி இருந்தது. வன்புணர்வும் சபதமும் பூர்வகதையிலிருந்து போயின. அட்டையைப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று சொல்பவர்கள் உள்ளே திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

டி அண்ட் டி-யின் 2014 ஆட்டக்காரர் கையேட்டில் பலத்தின் உச்சம் பொதுவாக 20. ஆஃப்லிங் பெண்ணுக்கும் அதே 20. அந்தப் பதிப்பில் ஆஃப்லிங்குகள் திட்டு வாங்கியது படத்துக்காக: பெரிய தலை, குச்சிக் கால், ஆண் பெண் பேதமில்லாமல்.